ஒயர் இல்லாத சுவிட்ச்

இங்க உக்காரு தாயி. எனக்கு இந்தப் பக்கமா வா, இங்கதான் நிழல் இருக்கு. பையை ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சுக்கோ, கீழ தள்ளி வைக்காத. பஸ் ஸ்டாண்டுல ஆளு யாரு எவருன்னு தெரியாது. நீ எந்த ஊருக்கு? விளாத்திகுளமா. அந்த வண்டி வர இன்னும் நேரம் கெடக்கு. நான் சங்கரன்கோயில் போறேன், என் தம்பி வீட்டுக்கு. விசேஷமெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்ட விட்டு வந்துட்டேன்.

ஏன் அப்படிப் பாக்க? சண்டை போட்டுட்டு வரல. கோயிலுக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனேன். இவ்வளவு பெரிய பையைத் தூக்கிக்கிட்டு எந்தக் கோயிலுக்குப் போறீகன்னு என் மருமக கேக்கல. ஆனா பாத்தா. அவ எப்பவும் அப்படித்தான். வாயத் தொறக்க மாட்டா, பாத்துக்கிட்டே இருப்பா.

உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ யாரோ நான் யாரோ. என் பேத்திய எங்கிட்ட விட மாட்டேங்காக. அதான் விஷயம். மிதுலான்னு பேரு. இப்பத்தான் தத்தித் தத்தி நடக்க ஆரம்பிச்சிருக்கா. பொறந்ததுல இருந்து என் மடியில கெடந்த பிள்ளை. நான் ஊட்டுனாத்தான் வாயத் தொறக்கும், நான் தட்டுனாத்தான் தூங்கும். இப்ப நான் தூக்கப் போனா என் மருமக குறுக்க வந்து, "நான் வச்சிருக்கேன் அத்தை"ங்கா. மெதுவாத்தான் சொல்றா. மெதுவாச் சொல்லிட்டா குத்தாதா?

எல்லாத்துக்கும் ஒரு பல்புதான் காரணம். சிரிக்காத. பல்புதான். சொல்றதைக் கேளு.

எம் மகன் விநாயகத்துக்கு மெட்ராஸ் கம்பெனியில வேலை. ஆனா மெட்ராஸுக்குப் போக மாட்டான். வீட்டுலயே ஒரு ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பான். அதுக்குக் கம்பெனிக்காரன் சம்பளம் போடுதான். எதுக்குப் போடுதான்னு நான் கேட்டதில்ல. எங்க வீட்டுக்காரவுக இருந்து பாத்துக் கட்டுன வீடு அது. ஒவ்வொரு சுவிட்ச் போர்டும் எங்க வைக்கணும்னு வயர்மேன் கூட நின்னு நான் சொல்லி வச்சது. என் கை எட்டுற ஒசரம், படுத்திருந்தாலும் நீட்டுனா படுற மாதிரி. கண்ண மூடிக்கிட்டு அந்த வீட்டுல எந்த சுவிட்சையும் போட்டுருவேன்.

ஒருநாள் கூடத்துல இருந்த டியூப் லைட்டு மங்கலா எரியுதுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன், ஒத்துக்கிடுதேன். வாசப்படியில இடிச்சுக்கிட்டேன், ஸ்டூல்ல முட்டிக்கிட்டேன், எல்லாம் அந்தப் பழைய டியூப் லைட்டுனால. மாத்துடான்னேன். நான் கேட்டது ஒரு டியூப் லைட்டு. அவன் என்ன செஞ்சான் தெரியுமா, வீடு பூராம் இருந்த லைட்டெல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசா ஒரு மாதிரி பல்பா மாட்டுனான். ஸ்மார்ட் பல்பாம். செல்லுல இருந்து போடலாம், அமத்தலாம், கூட்டலாம், கொறைக்கலாம். மஞ்சளாக்கலாம், வெள்ளையாக்கலாம். வாயால சொன்னாக்கூட எரியுமாம். என்னைய நிப்பாட்டி வச்சு, "அம்மா, லைட்டுன்னு சொல்லுங்க"ன்னான். நான் ஏன் சொல்லணும்? ஒரு பல்புட்டப் போய்க் கெஞ்சிக்கிட்டு நிக்கவா?

அப்புறம் வந்துச்சு பாரு ஒரு சட்டம். இனிமே செவத்துல இருக்கிற சுவிட்ச யாரும் அமத்தக் கூடாது. அமத்துனா பல்புக்குக் கரண்டு போயிரும், கரண்டு போனா செல்லுக்குக் கட்டுப்படாது. அதனால சுவிட்ச் எப்பவும் போட்டே கெடக்கணும். எந்த ஊர்லயாவது சுவிட்ச அமத்தக் கூடாதுன்னு சட்டம் கேள்விப்பட்டிருக்கியா? அப்புறம் அது எதுக்கு செவத்துல இருக்கு, அழகுக்கா? நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சுவிட்சு மேலயும் செல்லோடேப்ப ஒட்டிட்டான். நானும் பாத்திருக்கேன், வரி கட்டாத கடைக்கு முனிசிபாலிட்டிக்காரன் இப்படித்தான் வந்து சீல் வைப்பான். என் வீட்டுல, என் சுவிட்சுக்கு, நான் பெத்த பிள்ளை சீல் வைக்கிறான்.

ஆனா இதெல்லாம் அவன் யோசனைன்னு நினைக்கியா? அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கெடையாது. பின்னால சிந்துஜா இருக்கா. அதான் என் மருமக. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். கணக்கு டீச்சருக்கு எல்லாமே கணக்குத்தான்.

பொழுது அடையிற நேரம் நீயெல்லாம் வீட்டுல என்ன செய்வ? கை கால் கழுவுவ, சாமி விளக்கு ஏத்துவ, லைட்டப் போடுவ, போட்டதும் கை தன்னால கன்னத்துக்குப் போகும். கும்பிடுவ. எங்க மாமியா இருந்தவரைக்கும் அவுகதான் போட்டாக. அவுகளுக்கு அப்புறம் நான். வீட்டுக்கு யாரு பொம்பளைன்னு யாரும் எழுதியா மாட்டி வைக்காக? அந்த நேரம் லைட்டப் போடுறவதான் அந்த வீட்டுப் பொம்பளை. இந்தப் பல்பு வந்த மறுநாளு, நான் கிணத்தடியில கால் கழுவிக்கிட்டு இருக்கேன், வீடு பளிச்சுன்னு எரியுது. நான் போடல. மருமக போடல. மகன் போடல. "செல்லுல டைம் வச்சிருக்கேம்மா"ங்கான். நீ டைம் வச்சா நான் யாருக்குடா கும்பிட?

அதனால நான் என்ன செய்வேன், நேராப் போயி டேப்ப உரிச்சு சுவிட்ச அமத்துவேன். மறுபடி போடுவேன். போட்டுட்டுக் கும்பிடுவேன். இது தப்பா? உடனே ரூமுக்குள்ள இருந்து விநாயகம், "அம்மா, பல்பு போயிருச்சு"ம்பான். எரியிற பல்பப் பாத்துட்டு போயிருச்சும்பான். ஒருநாள் கோவத்துல படபடன்னு சுவிட்சப் போட்டுப் போட்டு அமத்துனேன். அந்தப் பல்பு கண்ணைச் சிமிட்ட ஆரம்பிச்சிருச்சு. நிக்கவே இல்ல. சிமிட்டுது, சிமிட்டுது. அப்படிச் செஞ்சா பழசெல்லாம் மறந்துட்டுப் புதுசாச் சேத்துக்கச் சொல்லிக் கேக்குமாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கூடத்துல தொங்கிக்கிட்டு யாருக்குச் சைகை காட்டுதுன்னுதான் எனக்கு மனசுல ஓடுச்சு.

அதுக்கு அப்புறம்தான் வெளிச்சத்தக் கொறைக்க ஆரம்பிச்சாக.

கேட்டியா, இதுதான் விஷயம். நேராக் கொறைச்சா நான் கண்டுபிடிச்சிருவேன்ல. அதனால ஓரத்துல கொறைச்சாக. நடுக்கூடம் பளிச்சுன்னு இருக்கும், மூலையெல்லாம் கருகருன்னு கெடக்கும். நான் பாக்குற எடத்துல வெளிச்சம் இருக்கும், பாக்காத எடத்துல இருக்காது. நடந்தேன்னா கதவு நெலை தோள்ல இடிக்கும். தண்ணிக் குடம் காலுல படும். டேய், வெளிச்சத்தக் கூட்டுடான்னா, செல்ல எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டுவான். ஒரு கோடு இருக்கும். "நூறுல வச்சிருக்கேம்மா, இதுக்கு மேல இல்ல"ம்பான். அந்தக் கோட்டுல நான் என்னத்தக் கண்டேன்? எதுத்த வீட்டு மரகதத்தக் கூப்பிட்டு, ஏ மதினி, இந்த வீட்டுல வெளிச்சம் இருக்கா சொல்லுங்கன்னேன். அவ, "கல்யாண வீடு மாதிரி எரியுது மதினி"ங்கா. அவளுக்கு என்ன, என் மருமக அவ மகனுக்கு ஓசியில டியூஷன் எடுக்கா. வேற எப்படிச் சொல்லுவா?

கொஞ்ச நாள் கழிச்சு பெரிய பல்பா வாங்கி மாட்டுனாக. சிந்துஜாவே போய் வாங்கிட்டு வந்தாளாம். கண்ணு கூசுது, ஆனா ஓரம் அப்படியேதான் கெடக்கு. அப்புறம் அடுக்களையில இருந்து கூடத்துக்கு வர்ற நடையில, தரையோட தரையா வரிசையாக் குட்டி லைட்டு ஒட்டுனாக. அது சும்மா இருக்கும்போது எரியாது. நான் கால் வச்சா எரியும். நான் நகந்தா கூடவே வரும். எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. அவ என்னமோ, "நீங்க தடுக்கி விழாம இருக்கத்தான் அத்தை"ங்கா. தடுக்கி விழாம இருக்கவா, நான் எந்நேரம் எங்க போறேன்னு பாக்கவா? மருமக நடந்தாலும் எரியத்தான் செய்யுது. அது எனக்குச் சந்தேகம் வரக்கூடாதுங்கிறதுக்காக.

இதையும் கேளு, இதக் கேட்டா நீயே சொல்லுவ. ஒருநாள் சாயங்காலம் சிந்துஜா சின்னதா ஒரு டப்பா கொண்டாந்தா. வெள்ளையா, சோப்புக் கட்டி கணக்கா. "அத்தை, இது உங்களுக்கு"ன்னா. கூடத்துச் சுவிட்சுக்கு மேலயே வச்சு ஒட்டுனா. "இதை அமுக்குங்க, லைட்டு எரியும். திருப்பி அமுக்குங்க, அமந்துரும். அந்த டைம் வச்சதை எடுக்கச் சொல்லிட்டேன். இனிமே பொழுதடைய நீங்களே போட்டுக் கும்பிடுங்க. நீங்க போடுறவரைக்கும் வீட்டுல யாரும் லைட்டப் போட மாட்டோம்"ன்னா.

உண்மையச் சொல்றேன் தாயி, அன்னிக்கு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அமுக்குனேன், எரிஞ்சுச்சு. கும்பிட்டேன். பேத்திய இடுப்புல வச்சுக்கிட்டு, அவ கையப் பிடிச்சு அமுக்க வச்சேன், அவளும் கும்பிட்டா. இந்தப் பிள்ளைய நாம தப்பா நினைச்சுட்டோமேன்னு சிந்துஜாவுக்குப் பிடிச்ச உளுந்தங்களி கிண்டிக் குடுத்தேன். வாரம் பூராம் வீட்டுல சத்தமே இல்ல.

அப்புறம் ஒருநாள் ஈரத்துணிய வச்சு செவத்தத் தொடைக்கும்போது அந்த டப்பா கையோட வந்துருச்சு. திருப்பிப் பாக்கேன். பின்னாடி ஒயரு இல்ல. ஒரு ஒயரு கூட இல்ல தாயி! வெறும் ஒட்டு. ஸ்டிக்கர் பொட்டு கணக்கா ஒட்டி வச்சிருக்கா. ஒயரு இல்லாம எந்த சுவிட்சாவது வேலை செய்யுமா? கரண்டு எதுல வரும், காத்துலயா? அழுகிற பிள்ளைக்கு விளையாட்டு போன் வாங்கிக் குடுப்போம்ல, அலோ அலோன்னு அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கும்ல, அதுமாதிரி எனக்கு விளையாட்டு சுவிட்சு. நான் அமுக்குறத மறைஞ்சிருந்து பாத்து, அவ செல்லுல லைட்டப் போட்டுருக்கா. நான் போட்டதா நினைச்சு நானும் கும்பிட்டுக்கிட்டு நின்னிருக்கேன். பேத்தியவும் கும்பிட வச்சிருக்கேன்.

சும்மா சொல்லக் கூடாதுன்னு சோதிச்சும் பாத்தேன். சிந்துஜா பாத்ரூமுக்குள்ள குளிச்சுக்கிட்டு இருக்கும்போது, அந்த டப்பாவ எடுத்துக்கிட்டுக் கிணத்தடிக்கே போயி அமுக்குனேன். கூடத்துல லைட்டு எரிஞ்சுச்சு. அப்ப என்ன அர்த்தம்? பாத்ரூமுக்குள்ளயும் செல்லோட போயிருக்கா. அவ்வளவு தூரம் துணிஞ்சவ. அந்த டப்பாவத் தூக்கி அரிசி டிரம்முக்குள்ள போட்டுட்டேன். இன்னும் அதுக்குள்ளதான் கெடக்கும். அன்னில இருந்து நான் செவத்து சுவிட்சத்தான் போடுவேன், அமத்துவேன். எந்த ரூமை விட்டு வந்தாலும் அமத்திட்டுத்தான் வருவேன். அதுலதான் ஒயரு இருக்கு. ஒயரு இருக்கிறது பொய் சொல்லாது.

அடுத்தாப்புல கண்ணுன்னு ஆரம்பிச்சாக. பாத்தியா, ஒண்ணு மேல ஒண்ணா எப்படிப் போகுதுன்னு. "அம்மா, பல்புல ஒண்ணும் இல்ல, கண்ணக் காட்டுவோம்"ன்னான் விநாயகம். எங்கண்ணுக்கு என்ன? இந்த வயசுலயும் ஊசியில நூலு கோப்பேன். அந்தா, எதுத்தாப்புல டீக்கடை போர்டு, படிச்சுக் காட்டவா? ஸ்ரீ பொன்மாடசாமி டீ ஸ்டால், அதுக்குக் கீழ சின்ன எழுத்துல, இங்கு சுக்கு காப்பி கிடைக்கும். சரியா? உனக்கே கடைசி வரி தெரிஞ்சிருக்காது. இந்தக் கண்ணு குருட்டுக் கண்ணாம்.

சரி, போயிட்டு வருவோம், அவுக வாயை அடைப்போம்னு போனேன். டவுன்லயே ஒரு கண் டாக்டர். சின்ன வயசு. எழுத்தப் படிக்கச் சொன்னான், கடைசி வரைக்கும் படிச்சேன். அதோட விட்டானா? கண்ணுக்குள்ள புஸ்ஸுன்னு காத்த அடிச்சு, "கண்ணுல பிரஷர் ஜாஸ்தியா இருக்கு"ங்கான். பிரஷர் கையில பாப்பாக, கண்ணுல எவனாவது பாப்பானா? எனக்குப் பிரஷரே கெடையாது. அப்புறம் ஒரு மெஷின்ல தாடைய வைக்கச் சொல்லி, கையில ஒரு பொத்தானக் குடுத்தாக. நடுவுல ஒரு புள்ளியவே பாக்கணுமாம். சுத்தி அங்கங்க பொட்டுப் பொட்டா வெளிச்சம் வருமாம், தெரிஞ்சா அமுக்கணுமாம். உக்காந்தேன், உக்காந்தேன், ஒண்ணுமே வரல. எப்பவாவது ஒண்ணு வரும். அப்புறம் கழுத்து வலிதான் வந்துச்சு. மெஷினு ரிப்பேரு தாயி. ரிப்பேரான மெஷின வச்சுக்கிட்டுக் காசு வாங்கறாக. எதுக்கும் அந்தப் பொத்தானத் திருப்பிப் பாத்தேன். அதுல ஒயரு இருந்துச்சு.

டாக்டர் என்னையப் பாத்துப் பேசல, அவுக ரெண்டு பேரையும் பாத்துத்தான் பேசினான். "ஓரப் பார்வை ரொம்பப் போயிருச்சு. போனது திரும்பாது. விடாம சொட்டு மருந்து போட்டா இருக்கிறதக் காப்பாத்தலாம். போடலேன்னா இதுவும் போயிரும்." அப்படியே சொன்னான். சிந்துஜா அழுதா. அவ எதுக்கு அழணும்? யோசிச்சுப் பாரு. மாமியாளுக்குக் கண்ணு சரியில்லன்னா எந்த மருமக அழுவா? பெறகு விசாரிச்சா, அந்த டாக்டரும் அவளும் ஒரே ஸ்கூல்ல படிச்சவுகளாம். எனக்கு அப்பவே எல்லாம் வெளங்கிருச்சு. கண்ணு தெரியலன்னு ஒரு பேரக் கட்டிட்டா, அடுப்படிய வாங்கிரலாம். சாவிய வாங்கிரலாம். பேத்திய வாங்கிரலாம். மூலையில உக்காருங்கன்னு சொல்லிரலாம்.

எங்க அப்பாவும் கடைசிக் காலத்துல செவத்தத் தடவித் தடவித்தான் நடந்தாக. கூப்பிட்டா வேற பக்கம் திரும்பிப் பாப்பாக. அது வேற. அது வயசு.

சொட்டு மருந்தா? நான் போடல. என்ன மருந்தோ, யாரு கண்டா. அவ வந்து தலைய நிமித்திப் போட வருவா. நானே போட்டுக்கிடுதேன்னு வாங்கி, வாளித் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டுருவேன். குப்பியில கொறையணும்ல.

அப்பத்தான் அது நடந்துச்சு. கொஞ்சம் இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

மழை கறுத்துக்கிட்டு வந்த ஒரு சாயங்காலம். விநாயகம் சளி பிடிச்சுப் படுத்திருந்தான். மிளகு ரசம் வச்சேன். கொதிக்கக் கொதிக்கக் குடிச்சாத்தான் கேக்கும்னு சட்டியோட துணியில பிடிச்சுத் தூக்கிக்கிட்டு நடையில வாரேன். அந்தக் குட்டி லைட்டு இருக்கே, என்னைய வேவு பாக்குற லைட்டு, எப்பவும் நான் கால் வச்சா எரியிற லைட்டு, அன்னிக்குப் பாத்து எரியல. ஒண்ணு கூட எரியல. நடை இருட்டாக் கெடக்கு. பிள்ளை நடையில செவத்து ஓரமா உக்காந்து கரண்டிய வச்சு விளையாடிக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு எப்படித் தெரியும்? காலு தட்டுச்சு. சட்டி சாஞ்சுருச்சு.

அவ காலுல தாயி. ரெண்டு பிஞ்சுக் காலுலயும். அந்தச் சத்தம் இன்னும் காதுல கெடக்கு. நான் தலையில அடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். விநாயகம் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனான். சாமி புண்ணியம், தோலோட போச்சு, இப்ப ஆறிருச்சு. தழும்பு இருக்காதுன்னுட்டாக.

திரும்பி வந்து விநாயகம் நடையில நின்னு அந்த லைட்டயே பாத்தான். அப்புறம் செவத்தப் பாத்தான். "சுவிட்ச யாரும்மா அமத்துனது?"ன்னான். நான்தான் மத்தியானம் அமத்துனேன், எப்பவும் நான் அமத்துவேன், பின்னாலயே நீங்க யாராவது வந்து போடுவீக, அதுக்கு என்னன்னேன். அது தன்னால எரியிற லைட்டுதான, அதுக்கும் செவத்து சுவிட்சுக்கும் என்ன? எரியணும்னா எரிய வேண்டியதுதான? அவன் அப்படியே தரையில உக்காந்து மூஞ்சிய மூடிக்கிட்டான். ஆம்பளப் பிள்ளை, என் முன்னாடி அழுதான். சிந்துஜா ஒரு வார்த்தை என்னைய ஏசல. ஏசியிருந்தா நானும் நாலு ஏசி மனச ஆத்தியிருப்பேன். பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "பிள்ளை காலு ஆறுனதும் மதுரைக்குப் போவோம் அத்தை, பெரிய ஆஸ்பத்திரியில கண்ணக் காட்டுவோம்"ன்னா. அவ்வளவுதான். அன்னில இருந்து பிள்ளைய என் கையில குடுக்கல.

நீயே சொல்லு. லைட்டு எரியாததுக்கு நான் என்ன செய்வேன்? எல்லா நாளும் எரிஞ்ச லைட்டு, அன்னிக்கு மட்டும் ஏன் எரியல? செல்லு அவ கையிலதான இருக்கு? ஆத்தா, பெத்த தாயே அப்படிச் செய்வாளான்னு என் மனசு கேக்கத்தான் செய்யுது. செய்ய மாட்டா. எந்தத் தாயும் செய்ய மாட்டா. அப்ப யாரு? யாரோ ஒருத்தர் அந்த வெளிச்சத்த எடுத்துருக்காகல்ல? வீட்டுல இருக்கிறதே நாங்க மூணு பேரும் பிள்ளையும்தான்.

நாளைக்கு மதுரைக்குக் கார் சொல்லியிருக்கான். அதான் இன்னிக்கே கெளம்பிட்டேன். தம்பி வீட்டுல இன்னும் பழைய லைட்டுதான். செவத்துல சுவிட்சு, அமுக்குனா எரியும், அமத்துனா அமரும். அங்க எனக்கு எல்லாம் நல்லாத் தெரியும். கொஞ்ச நாள் இருந்து காட்டுறேன். எங்கண்ணுல ஒண்ணும் இல்ல, அந்தப் பல்புலதான் எல்லாம் இருக்குன்னு இவுகளுக்குத் தெரியட்டும். தெரிஞ்சு, அம்மா வாங்கன்னு வந்து கூப்பிடட்டும். பிள்ளைய என் கையில குடுக்கட்டும்.

ஆங், அந்தா வந்துருச்சு வண்டி. போர்டு தெளிவாத் தெரியுது, சங்கரன்கோயில். சரி தாயி, உங்கிட்டச் சொன்னதுல கொஞ்சம் பாரம் கொறைஞ்ச மாதிரி இருக்கு. பாத்துப் போ. இந்தப் பக்கம் கைய ஊனி எந்திரிச்சுக்கிடுதேன், முட்டு வலி வேற...

ஐயோ, என்னது இது? யாரு? தலையிலயா கைய வச்சேன்? பிள்ளை! யாரு பிள்ளை இது?

உம் பிள்ளையா? இப்பத்தான ஓடியாந்து உக்காந்துச்சு?

என்ன சொல்ற? நீ வரும்போதே கையில பிடிச்சுத்தான் கூட்டியாந்தியா? எம் முன்னால கூடி நடந்து வந்துதான் இங்க ஏறி உக்காந்துச்சா? வர்ற பஸ்ஸெல்லாம் பாக்கணும்னு இந்த ஓரத்துல உக்காந்துக்கிட்டுச்சா? நான் பேசப் பேச என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சா?

நீ ஏன் சொல்லல? பிள்ளை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உனக்கும் அவுகளுக்கும்... இல்ல. இல்ல, நீ யாரு, உனக்கு என்ன வந்துச்சு. "பக்கத்துலதான இருக்கா, பாத்திருப்பீகன்னு நினைச்சேன்"னு சொல்ற. ஆமா. பக்கத்துலதான் இருக்கா.

மஞ்சச் சட்டை போட்டிருக்கா. இவ்வளவு வெயில்ல, மஞ்சச் சட்டை. இங்க எந்த லைட்டும் இல்லையே தாயி. யாரு செல்லும் இல்லையே.

வண்டி போகட்டும். கண்டக்டர்ட்ட ஏறலன்னு கையக் காட்டிரு. நீ பிள்ளைய எறக்கி எனக்கு நேரா நிப்பாட்டு. இன்னும் கொஞ்சம் நேரா. ம், தெரியுது. மூக்குத்தி கூடத் தெரியுது. கண்ணு, பயப்படாத. பாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஒரு எட்டு தள்ளி நில்லு. தெரியுது. இன்னொரு எட்டு. தெரியுது, பாதி தெரியுது. இன்னும் ஒரே ஒரு எட்டு வைம்மா.

வை. வச்சுட்டியா?

தாயி, பிள்ளை அங்கதான நிக்கா?